ஆணியில் தொங்கிய இடது ஷூ

ஜமாரியை மேலே கூப்பிட்டுவிட்டார்கள் என்று போன் வந்தபோது கெல்வின் அடுப்படியில் இருவருக்குமாக முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

மேலே என்றால் தாய் அணி. மார்ட்டன் நீர்நாய்கள் என்பது சின்ன லீக்கில் ஆடுகிற கூடைப்பந்து அணி. ஏரியைச் சுற்றிக்கொண்டு காரில் நான்கு மணி நேரம் போனால் ஒரு பெருநகரம் வரும். அந்த நகரத்து ஃபோர்ஜ் அணிக்கு இது பிள்ளை அணி. பேப்பரில் 'இணைப்பு அணி' என்று எழுதுவார்கள். ஊரில் அப்படிச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையாது. ஃபோர்ஜ் என்ற பெயர்கூட அங்கே வாயில் வராது. மேல, கீழ, அவ்வளவுதான். மேலே ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் கீழேயிருந்து ஒருவனைப் பத்து நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிடித்துப்போனால் இன்னொரு பத்து நாள், அப்புறம் சீசன் முடியும்வரை. பிடிக்காவிட்டால் பையோடு திரும்பி வரவேண்டியதுதான். யார் நன்றாக ஆடுகிறானோ அவனைத்தான் மார்ட்டன் இழக்கும். அது தெரிந்தும் அந்த ஊர் ஜனங்கள் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தொண்டை கட்டுமளவுக்குக் கத்திவிட்டுப் போவார்கள்.

"அண்ணே, இன்னிக்கு சாயங்காலமே மேட்சாம்ணே. பத்து மணி ஃப்ளைட்டுல வரச் சொல்றாங்க. என்னத்தை எடுத்து வைக்கறது?" என்றான் ஜமாரி. இருபத்திரண்டு வயது. ஆறரை அடி உயரம். அரை டிராயரோடு நடு அறையில் நின்று, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்ணும் எடுத்து வைக்க வேணாம். நான் பாத்துக்கறேன். போய்ப் பல்லு விளக்கு. மேல போறவன் வாய் நாறப் போகக்கூடாது" என்றான் கெல்வின்.

சொல்லிவிட்டு முட்டையைத் திருப்பிப் போட்டான். ஒரு பக்கம் கருகியிருந்தது.

கெல்வின் ப்ரூயிட்டுக்கு முப்பத்து மூன்று வயது. மிசிசிப்பிக்காரன். மார்ட்டனில் இது அவனுக்கு ஒன்பதாவது குளிர்காலம். பந்தை வாங்கி, நிதானமாகப் பார்த்து, சரியான ஆளுக்குக் கொடுப்பதில் அவனை மிஞ்ச அந்த லீக்கில் ஆள் இல்லை என்று எல்லாக் கோச்சுகளும் சொல்வார்கள். சொல்லிவிட்டு வேறு யாரையாவது மேலே அனுப்புவார்கள். அவனோடு ஒரே வீட்டில் தங்கி, அவன் கையால் முட்டை தின்றவர்கள் எத்தனையோ பேர் மேலே போய்விட்டார்கள். ஜமாரி கடைசி.

இருவரும் காரில் மைதானத்துக்குப் போனார்கள். மைதானம் என்றால் ஐஸ் ஹாக்கி ஆடுகிற அரங்கம். ஐஸுக்கு மேலே பலகை விரித்து அதன்மேல்தான் நீர்நாய்கள் ஆடும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் காலில் கம்பளி சுற்றிக்கொள்வார்கள். கோச் ஜமாரியைத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், மேலே எப்படி நடந்துகொள்ள வேண்டும், யாரிடம் பேசக்கூடாது என்றெல்லாம் பாடம் நடத்த ஆரம்பித்தார். கெல்வின் ஜமாரியின் அலமாரியைத் திறந்து பையை அடுக்கினான். சட்டை, துண்டு, முழங்கால் பட்டை, நீல ஷூ இரண்டு ஜோடி. ஒரு ஜோடி பழசு, ஒன்று ஆட்டத்துக்கு. அவற்றிலிருந்து இடது ஷூ ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தான்.

அது அந்த ஊர் வழக்கம். துணி துவைக்கிற அறையில், இயந்திரங்களுக்கு மேலே ஒரு மர உத்தரம் போகிறது. மேலே கூப்பிடப்பட்டவனின் பழைய இடது ஷூவை அதில் ஆணி அடித்து, லேஸில் கட்டித் தொங்கவிடுவார்கள். அவனுக்கு யார் நெருக்கமோ அவன்தான் மாட்டவேண்டும். ஏன் இடது என்று யாருக்கும் தெரியாது. சீசன் முடியும்வரை அவன் மேலேயே தங்கிவிட்டால், ஏணி போட்டு ஏறி ஷூவின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் அவன் பெயரை எழுதுவார்கள். திருப்பி அனுப்பிவிட்டால் அவனே வந்து தன் ஷூவைத் தானே கழற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில் அறையில் யாரும் பேசமாட்டார்கள். நோரீன் மட்டும் ஒரு காபி போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, துண்டு மடிக்கப் போய்விடுவாள்.

நோரீன் ஹிவோனன்தான் அணியின் துணிமணி, ஷூ, பந்து எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவள். ஒற்றை நாடி உடம்பு. மார்ட்டனிலேயே பிறந்தவள். ஆட்டக்காரர்கள் அவளை நோரீனம்மா என்பார்கள். அவள் எல்லோரையும் டா போட்டுத்தான் பேசுவாள், கோச்சைத் தவிர. கோச்சையும் சில நாள்.

ஜமாரி கிளம்பும்போது அவள் அவன் கன்னத்தைப் பிடித்து, "போடா. இனிமே இந்தப் பக்கம் வந்துராத. வந்தா விளக்குமாத்தால அடிப்பேன்" என்றாள். ஜமாரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இதைவிடப் பெரிய வாழ்த்து மார்ட்டனில் கிடையாது.

விமானம் அரங்கத்தின் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு ஏரிப்பக்கம் போனது. நோரீன் காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் அடங்கியதும், "ம், மாட்டு" என்றாள்.

கெல்வின் மாட்டினான்.

"உனக்கும் ஒரு ஆணி எடுத்து வெச்சிருக்கேன்டா. நீதான் ஷூ குடுக்க மாட்டேங்கற" என்றாள் நோரீன். வருஷா வருஷம் சொல்கிற கிண்டல்தான். அவனும் வருஷா வருஷம் சிரிப்பதுபோலச் சிரித்தான்.

மதியம் பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது.

"அண்ணே." ஜமாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "பையில தகடு வெச்ச ஷூ இல்லண்ணே. ரெண்டு வலது ஷூவும் இருக்கு, இடதுல பழசு மட்டும்தான் இருக்கு. டாக்டர் பாத்துட்டாரு. அது இல்லாம தரையில கால் வைக்கக்கூடாதுங்கறாரு."

கெல்வின் தண்ணீர்க் குப்பியைக் கீழே வைத்தான்.

இலையுதிர் காலத்தில் ஜமாரிக்கு இடது பாதத்தில் ஒரு சின்ன எலும்பு முறிந்திருந்தது. கூடிவிட்டது. ஆனாலும் அவன் பாதத்துக்கென்றே அச்செடுத்துச் செய்த மெல்லிய கறுப்புத் தகடு ஒன்றை ஷூவுக்குள் வைத்துத்தான் ஆடவேண்டும் என்பது மேலே இருக்கிற டாக்டரின் கட்டளை. இன்னொன்று செய்யச் சொல்லியிருந்தார்கள், வந்து சேரவில்லை. இருந்த ஒன்றை நோரீன்தான் ஷூவுக்குள் ஒட்டிக்கொடுத்திருந்தாள்.

கெல்வின் ஓடினான். துணி அறையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வில் ஷூக்கள் எல்லாம் லேசாக ஆடின. அவன் உயரத்துக்கு ஏணி தேவையில்லை. ஸ்டூல்மேல் ஏறி ஜமாரியின் ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். தகடு சில்லென்று இருந்தது.

"என்னடா?" என்றாள் நோரீன்.

"தப்பான ஷூவை மாட்டிட்டேன், நோரீனம்மா. ஆட்ட ஷூ இது."

பின்னாலேயே வந்த மற்ற ஆட்டக்காரர்கள் கதவில் கூடிவிட்டார்கள். அவர்களில் நெட்டையன் ஒருவன், ஓட்டிஸ் என்று பெயர், எதற்கும் விளையாட்டாகப் பேசுகிறவன், "ஒன்பது வருஷமா அடுத்தவன் ஷூவையே மாட்டுற ஆளு. கை தானாவே போயிருக்கும்ப்பா" என்றான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். கெல்வின் சிரிக்கவில்லை. நோரீன் ஓட்டிஸை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு தன் ஷூவைப் பார்க்க ஆரம்பித்தான்.

"சரி, இப்ப என்ன பண்றது? இனிமே ஃப்ளைட் நாளைக்குத்தான். நான் கார்ல கொண்டு போறேன்" என்று கெல்வின் முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தான்.

"தொடாதே!"

நோரீன் போட்ட சத்தத்தில் அவன் ஸ்டூலிலிருந்து விழப்பார்த்தான்.

"மாட்டின ஷூவைக் கழட்டினா அவன் கீழ வந்துருவான். ராடோவான் கதை ஞாபகம் இருக்கா இல்லியா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ராடோவான் செர்பியாக்காரன். போன வருஷம் மேலே போனவன். அவன் ஷூ நாறுகிறது என்று புதிதாக வந்த யாரோ அதைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டான். ஷூ காயக்கூட இல்லை, அதற்குள் ராடோவான் பையோடு வாசலில் நிற்கிறான்.

"அப்ப தகட்டை மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போறேன்."

"பிக்க முடியாது. படகு ஓட்டை அடைக்கிற பசையில ஒட்டியிருக்கேன். பிச்சா உடைஞ்சிரும்."

"அவன் ஆடாம பெஞ்சுல உக்காந்துட்டு வந்தா மட்டும் என்ன? அதுவும் கீழ வர்றதுதானே?"

நோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். அவள் சாதாரணமாக எதற்கும் கலங்குகிற பெண் அல்ல. ஆனால் அந்த உத்தரத்தில் தொங்குகிற ஒவ்வொரு ஷூவும் அவள் கையால் துவைத்துக் காயவைத்தது. அதில் அவளிடம் நியாயம் பேச முடியாது.

கெல்வின் ஸ்டூலிலேயே உட்கார்ந்தான். குனிந்து தன் இடது ஷூவைக் கழற்றினான். வெள்ளை ஷூ, பயிற்சியின் ஈரம் இன்னும் காயாதது. எழுந்து நின்று, ஜமாரியின் லேஸை ஆணியிலிருந்து எடுப்பதற்கு முன்பே தன் லேஸை அதே ஆணியில் முடிச்சுப் போட்டான். அதற்கப்புறம்தான் நீல ஷூவை அவிழ்த்தான்.

"ஆணி காலியா இல்ல பாருங்க. ஒரு நிமிஷம்கூட காலியா விடல. போதுமா?"

நோரீன் ஆணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒற்றைக் காலுறையோடு நின்ற அவன் பாதத்தைப் பார்த்தாள்.

"போதுமான்னு எனக்கென்னடா தெரியும்? போய்த்தான் பாரு" என்றாள். பிறகு ஓடிப்போய்த் தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியை அலுமினியத் தாளோடு கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

சத்தம் கேட்டு வந்த கோச் அணியின் வேன் சாவியைத் தூக்கிப் போட்டார். "கெல்வின், நாளைக்கு நமக்கு மேட்ச் இருக்கு. வண்டியை ஏரியில விட்டுராத."

கெல்வினின் கார் பனிக்கு ஆகாது. அணியின் வேனில்தான் போகவேண்டியிருந்தது. அதன் கூரைமேல் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஃபைபர் நீர்நாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். வால் பின்பக்கம் தொங்கும். வேகமாகப் போனால் வால் படபடவென்று கண்ணாடியில் அடிக்கும். அன்று வேகமாகப் போகவும் முடியவில்லை. முன்னால் பனி தள்ளுகிற வண்டி ஒன்று, ஊர்வலம் போவதுபோல ஏரிக்கரை முழுக்க அவனுக்கு வழிகாட்டிக்கொண்டே போனது. முந்திப்போக இடமில்லை.

பக்கத்து இருக்கையில் நீல ஷூ உட்கார்ந்திருந்தது. அதற்கு பெல்ட் மாட்டியிருந்தான். ஏன் மாட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஓட்டிஸ் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. கை தானாவே போயிருக்கும்ப்பா. காலையில் அலமாரிக்கு முன்னால் நின்றதை நினைத்துப் பார்த்தான். இரண்டு இடது ஷூக்கள். இரண்டும் நீலம். ஒன்றைத் தூக்கினான். கொஞ்சம் கனமாக இருந்ததா? இருந்திருக்கும், தகடு இருந்ததே. கனமாக இருக்கிறது என்று கைக்குத் தெரிந்ததா? அந்த நிமிஷத்தில் கோச்சின் அறைக்குள்ளிருந்து ஜமாரி சிரிக்கிற சத்தம் வந்தது. அதைக் கேட்டபோது தனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. நன்றாக இல்லை. இந்தப் பையனுக்குப் பந்தை எந்தக் கையில் வைத்துக்கொண்டு திரும்புவது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே என்று ஒரு புளிப்பு அடித்தொண்டையில் வந்து போனது. அவ்வளவுதான். அதற்குமேல் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

பேஸ்டியைக் கடித்தான். நோரீன் மிளகை அள்ளிப் போட்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டான்.

பெருநகரத்தின் அரங்கம் மார்ட்டன் ஊர் மொத்தத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம் போல நின்றது. கண்ணாடியும் விளக்கும் கூட்டமும். ஆட்டக்காரர்கள் போகிற வாசல் கீழே, நிலத்தடியில் இருந்தது. சுரங்கம் மாதிரிச் சாய்ந்து இறங்குகிற பாதையின் முனையில் தடுப்புக் கம்பி. பக்கத்தில் கூண்டுக்குள் சீருடை போட்ட ஒரு பெண்மணி. டெலோரஸ் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்தாள். அவள் வேனைப் பார்த்தாள். வேனின் தலையில் இருந்த நீர்நாயைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சர்க்கஸ் பின்பக்கம் தம்பி."

"சர்க்கஸ் இல்ல மேடம். நான் மார்ட்டன்லேருந்து வர்றேன். நீர்நாய்கள் டீம். உங்க டீமோட பிள்ளை டீம்."

"எங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று அவள் பக்கத்தில் நின்ற காவல்காரனைத் திரும்பிக் கேட்டாள். "எனக்கு யாரும் சொல்லவே இல்லியே."

கெல்வின் அடையாள அட்டையைக் கொடுத்தான். அதில் பெரிதாக நீர்நாய். மூலையில், பொட்டு அளவுக்கு, ஃபோர்ஜ் அணியின் சம்மட்டிச் சின்னம். ஒன்பது வருஷமாக அந்தப் பொட்டை அவன் சட்டைத் தோளிலும் பையிலும் அட்டையிலும் சுமந்துகொண்டிருக்கிறான். அந்தப் பொட்டின் வீட்டு வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை. டெலோரஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா போட்டா எப்படித் தெரியும்? பாஸ் வேணும் தம்பி. பாஸ் இல்லாம விட்டா என் வேலை போயிரும். கோச்சுக்காதே."

"உள்ள ஒரு பையன் இந்த ஷூ இல்லாம ஆட முடியாது மேடம். இன்னிக்குத்தான் அவனுக்கு முத ஆட்டம்." ஷூவை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"ஒத்தை ஷூவா?" என்றாள் டெலோரஸ். இப்போது அவளுக்கு உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது, ஆனால் அவன் புத்தியை நினைத்து. "வீட்டுல யாராவது இருக்காங்களா? போன் பண்ணட்டுமா?"

ஜமாரிக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. சுரங்கத்துக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்ற இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கெல்வின் வேறு வழி தெரியாமல் நோரீனுக்குப் போன் போட்டான்.

"நோரீனம்மா, வாசல்லயே நிக்கறேன். விட மாட்டேங்கறாங்க."

"யாரு நிக்கறா அங்க?"

"ஒரு மேடம்."

"போனை அவகிட்ட குடு."

டெலோரஸ் போனை வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ஆமா" என்றாள். "இல்ல" என்றாள். "ஐயோ, இங்கயும் அதே கதைதான், முழங்காலு வரைக்கும் பனி" என்றாள். பிறகு சிரித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூண்டுக்குள் இருந்த இன்னொரு போனை எடுத்து, "ஸ்பிரோ, மார்ட்டன் நோரீன் ஷூ அனுப்பியிருக்காளாம். இங்க ஒரு ஆளு வேன்ல நாயோட நிக்கறான்" என்றாள்.

இரண்டு நிமிஷத்தில் உள்ளிருந்து ஒரு குள்ளமான வழுக்கைத் தலைக்காரர் ஓடிவந்தார். மேல் அணியின் துணிமணிக்குப் பொறுப்பான ஸ்பிரோ. வந்ததும் கெல்வினை அவர் பார்க்கவே இல்லை. ஷூவைத்தான் பார்த்தார். வாங்கித் திருப்பினார், லேஸ் கோர்த்திருந்த விதத்தைத் தடவிப் பார்த்தார்.

"நோரீன் கோர்த்ததுதான். கீழேருந்து மேல, ஷூ நாக்கைச் சுருக்காம. பத்து வருஷமா வாரா வாரம் போன்ல பேசறோம். அவ மூஞ்சியை நான் பாத்ததே இல்ல. எப்படி இருப்பா?"

"கோவமா இருப்பாங்க" என்றான் கெல்வின்.

"நான் நெனச்ச மாதிரியே" என்று சொல்லிவிட்டு ஸ்பிரோ கம்பியைத் தூக்கச் சொன்னார்.

உடை மாற்றும் அறை கல்யாண மண்டபம்போல இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் சோபா. கடைசி மூலையில், பெயர்கூட ஒட்டாத அலமாரிக்கு முன்னால், ஜமாரி காலுறையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டிருந்தார்கள். நிமிர்ந்தான். கெல்வினின் தலையில் பனி, கையில் ஷூ.

"அண்ணே!"

கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்புறம் சட்டென்று தள்ளி நிறுத்தி, "வேணும்னுதானே மாட்டினே?" என்று சிரித்தான். கிண்டலாகத்தான் கேட்டான். கெல்வினும் கிண்டலாகவே ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"தெரியலடா" என்றான். "சத்தியமா தெரியல. நாலு மணி நேரமா யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

ஜமாரியின் சிரிப்பு நின்றது. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தான். வெளியே இருபதாயிரம் பேர் எதற்கோ ஒன்றாகக் கத்தினார்கள்.

"மாட்டினதும் நீதான், கொண்டு வந்ததும் நீதான்" என்றான் ஜமாரி மெதுவாக. "எனக்கு இது போதும்ணே. இப்ப தள்ளு, லேஸ் கட்டணும்."

கட்ட முடியவில்லை அவனுக்கு. லேஸ் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. கெல்வின் அந்த வழவழப்பான தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் இடது காலைத் தன் தொடைமேல் வைத்து, கீழேயிருந்து மேலே, நாக்கைச் சுருக்காமல் கட்டிவிட்டான்.

டாக்டர் வந்து கட்டைவிரலால் ஷூவின் அடியை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டினார்.

ஆட்டத்தைப் பார்க்க ஸ்பிரோ அவனுக்கு ஆட்டக்காரர்கள் வெளியே போகிற நடைபாதையின் ஓரத்தில், துண்டுக் கூடைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். முதல் பாதி முழுக்க ஜமாரி பெஞ்சில்தான். இரண்டாம் பாதியில் மேல் அணியின் ஆள் ஒருவன் வரிசையாகத் தவறு செய்து வெளியே வந்தான். கோச் பெஞ்சின் கடைசிவரை பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஜமாரி எழுந்தான். கெல்வின் துண்டுக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

முதல் பந்தைக் கையில் வாங்கியதுமே தவறவிட்டான். "நிதானம்டா" என்று கெல்வின் முணுமுணுத்தான். இரண்டாவது தடவை பந்து வந்தபோது ஜமாரி அவசரப்படவில்லை. இடது காலை ஊன்றினான். அந்தக் காலைத்தான். வலப்பக்கம் போகிறவன்போலத் தோளைக் காட்டி, எதிரி சாய்ந்ததும் இடப்பக்கம் திரும்பி, போடுவான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் போடாமல், கூடைக்குக் கீழே தனியாக நின்ற தன் ஆளுக்குக் கொடுத்தான். மார்ட்டனில் ஐஸ்மேல் போட்ட பலகையில், காலையில் யாரும் வருமுன்னே, நூறு தடவை கெல்வின் அவனிடம் ஆடிக்காட்டியது. பந்து விழுந்தது. அரங்கம் அதிர்ந்தது. போட்டவனின் பெயரைத்தான் ஒலிபெருக்கி சொன்னது. ஜமாரி திரும்பி ஓடும்போது நடைபாதைப் பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"நல்லாக் கொடுக்கறான் பையன்" என்றார் ஸ்பிரோ, துண்டு மடித்தபடி.

"ம்" என்றான் கெல்வின். காலையில் தொண்டையில் நின்ற புளிப்பைத் தேடிப் பார்த்தான். கொஞ்சம் இருந்தது. ஆனால் அதன்மேல் வேறு ஏதோ நிறைய வந்து விழுந்திருந்தது.

கிளம்பும்போது ஜமாரி தன் பழைய இடது ஷூவை அவனிடம் கொடுத்து, "இதை மாட்டிட்டு உன்னோடதை எடுத்துக்கோண்ணே" என்றான். கெல்வின் அதைக் கொண்டுவந்து மறுநாள் நோரீனிடம் காட்டினான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஒண்ணையும் தொடக் கூடாது. உன் ஷூ தொங்கும்போதுதான் அவன் ஆடினான். அதுதான் அவனைப் பிடிச்சு வெச்சிருக்கு. சீசன் முடியட்டும்."

"நோரீனம்மா, சாயங்காலம் மேட்சு. நான் எதைப் போட்டுக்கிட்டு ஆடறது? எனக்குன்னு சொல்லிவெச்ச புது ஜோடி அடுத்த மாசம்தான் வரும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே? கையில வெச்சிருக்கியே, அதைப் போடு."

"இது நீலம். என்னோட வலது வெள்ளை!"

"கூடைக்குக் கண்ணா இருக்கு?"

அப்படித்தான் மார்ட்டன் நீர்நாய்களின் கெல்வின் ப்ரூயிட் வலது காலில் தன் வெள்ளையும் இடது காலில் ஜமாரியின் நீலமுமாக ஆட்டத்தில் இறங்கினான். ஓட்டிஸ் அவனைக் கண்டதும் பெஞ்சில் உருண்டான். "அண்ணே, இருட்டுல கிளம்பினியா?" என்றான். பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நேத்து நான் பேசினது தப்புண்ணே" என்றான். "பந்தைக் கொடுத்தா சரியாப் பிடி, அது போதும்" என்றான் கெல்வின்.

கதை ஊருக்குள் எப்படியோ போய்விட்டது. நோரீனிடம் போன பிறகு எந்தக் கதை நிற்கும்? அடுத்த வாரம் ஜமாரிக்கு இன்னொரு பத்து நாள் கொடுத்தார்கள் என்று செய்தி வந்தது. அன்றைய ஆட்டத்துக்கு வந்த ஜனங்களில் பாதிப் பேர் ஒரு காலில் ஒன்றும் மறுகாலில் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், ஒரு காலில் வீட்டுச் செருப்பு. மருத்துவமனை நர்ஸ்கள் வரிசையாக. கெல்வின் களத்துக்குள் ஓடிவந்தபோது எல்லோரும் இடது காலைத் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த மாதம் அவனுடைய புது ஜோடி வந்தது. பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டான். அதைத் திறக்க அவனுக்கே பயமாக இருந்தது.

ஏரியில் ஐஸ் உடைகிற காலத்தில் சீசன் முடிந்தது. ஜமாரி திரும்பி வரவில்லை. நோரீன் ஏணியைக் கொண்டுவந்து உத்தரத்தில் சாய்த்தாள். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் மெல்லிய தூரிகையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். கெல்வின் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். வெள்ளை ஷூவின் கறுப்பு அடியில், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஜமாரியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துத் தள்ளிப் பார்த்தாள். தூரிகையில் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டப்பாவில் துடைக்கப் போனவள் நின்று, குதிகால் பக்கம் சாய்ந்து, ஏதோ சின்னதாக எழுதினாள்.

"அங்க என்ன எழுதறீங்க?"

"உனக்கெதுக்கு?"

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அடையாள அட்டையின் மூலையில் இருக்கிற சம்மட்டிப் பொட்டு அளவுக்குத் தன் பெயர் இருந்தது.

"நான்தான் போகலையே, நோரீனம்மா. என் ஷூ மட்டும்தான் மேல போயிருக்கு. நான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"அதான்டா" என்றாள் நோரீன், மேலேயிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆடாம பிடி. நான் விழுந்தா அடுத்த வருஷம் உன் துணியை யாரு துவைப்பா?"

கெல்வின் நீலமும் வெள்ளையுமான இரண்டு காலையும் அகலமாக ஊன்றிக்கொண்டு, ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.